கம்போசர் ஆக என்ன படிக்கணும்?

"மாமா, கம்போசர் ஆகணும்னா என்ன படிக்கணும்?"

போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அக்கா மகன் கேட்டான். காட்பாடியில் ஒரு பையனிடமிருந்து இந்தக் கேள்வி வருவது அபூர்வம். இந்தப் பக்கம் வி.ஐ.டி., பாலாற்றைத் தாண்டினால் சி.எம்.சி. என்று இருக்கிற ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு வீடு பேசுவது கட்ஆஃப் பற்றித்தான். "சினிமாவுக்கு மியூசிக் போடவா?" என்றேன். "இல்ல மாமா, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதணும். சிம்பொனி மாதிரி."

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதிய நீண்ட படைப்பை, வாசித்தது. அதன் துண்டுக் காட்சிகளைச் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வந்த ஆசை இது. நான் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷமாக டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் பையன் கேட்டுவிட்டான், வாய்க்கு வந்ததைச் சொல்ல மனசு வரவில்லை. படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் சேர்த்ததை, இதே கேள்வியோடு இருக்கிற மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கம்போசர் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் இசையமைப்பாளர் என்றால் சினிமாக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். கர்நாடக இசையில் பாட்டு இயற்றுகிறவருக்கு வாக்கேயக்காரர் என்று தனிப் பெயர். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் சொல்லை மாது என்றும் மெட்டை தாது என்றும் பிரித்து, இரண்டையும் தானே செய்கிறவரையே உயர்ந்த வாக்கேயக்காரர் என்கிறது. அவருக்குத் தனி வகுப்பு எதுவும் கிடையாது. குருவிடம் பாடக் கற்றுக்கொண்டு, பல வருஷம் பாடிப் பாடி, ராகம் உடம்பில் ஊறிய பிறகு ஒருநாள் சொந்தமாக ஒன்று வருகிறது.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் கம்போசரின் வேலை வேறு மாதிரி. அவர் மேடையில் இருக்க வேண்டியதே இல்லை. எண்பது பேர் வாசிக்க வேண்டியதை ஆளுக்கு ஒரு வரியாக, எங்கே மெதுவாக, எங்கே ஓங்கி, எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது உட்பட, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்பவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். அவர் முகத்தையே பார்க்காத ஊரில், அவர் இறந்து நூறு வருஷம் கழித்துக்கூட அந்தத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். பாடிக் காட்டித் திருத்த அவர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அதனால் தாள்தான் முழுவதையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி எல்லாமே இதைச் சுற்றித்தான்.

பாட்டைத் தாளில் எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து ராணிப்பேட்டை தாண்டினால் வாலாஜாபேட்டை. தியாகராஜரின் நேர்ச் சீடர் வெங்கடரமண பாகவதர் (1781–1874) வாழ்ந்து, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட இடம். அவரும் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளை எழுதி வைத்தார்கள். அந்தச் சுவடிகள் இப்போது மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. ஒரு கீர்த்தனையின் பழைய பாடத்தைத் தேடுகிறவர்கள் இன்றும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். வெங்கடரமண பாகவதர் தானும் வர்ணங்கள், கீர்த்தனைகள் இயற்றியவர். அவரிடம் கற்றவர்தான் மைசூர் சதாசிவ ராவ். வட ஆற்காட்டில் இப்படி ஒரு பரம்பரை இருந்திருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் இரண்டு எழுத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாகவதரின் சுவடி, பாட்டு ஏற்கெனவே காதில் இருக்கிறவருக்கு நினைவூட்டுவது. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதம்) எப்படி என்று அதில் எழுதியிருக்க வேண்டியதில்லை, பாடுகிறவருக்கே தெரியும். மேற்கத்திய ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள், அந்த இசையை ஒருமுறைகூடக் கேட்டிராதவருக்காக எழுதப்படுவது.

சரி, அதை எப்படிக் கற்றுத் தருகிறார்கள்?

காதிலிருந்து ஆரம்பம். ஆசிரியர் பியானோவில் வாசிப்பார், மாணவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். முதலில் ஒரு வரி, பிறகு ஒரே நேரத்தில் ஒலிக்கிற இரண்டு, நான்கு வரிகள். ஸரிகம கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒற்றை வரி பெரிய கஷ்டமில்லை. நான்கு வரியைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதுதான் திணறல். இங்கேதான் வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் 1846இல் கட்டியது. ஆற்காடு மிஷன் 1853இல் வேலை தொடங்கியது. பாமாலையை சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலில் பாடுவது இந்த ஊருக்கு அந்நியமே இல்லை. ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கள்கூட, டோ, ரே, மீ என்று எழுத்துகளில் எழுதும் டானிக் சோல்ஃபாவை வைத்துக்கொண்டு தங்கள் பார்ட்டைப் பிசகாமல் பாடிவிடுவார்கள். பத்து வயதிலிருந்து கொயரில் (பாடகர் குழுவில்) நிற்கிற பிள்ளையின் காது, பக்கத்து வரியைக் கேட்டுக்கொண்டே தன் வரியில் நிற்கப் பழகிவிடுகிறது.

அடுத்தது கவுன்டர்பாயின்ட். பல மாணவர்கள் இதில்தான் சலித்து ஓடுகிறார்கள். ஒரு மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டை ஓட விட வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், ஆனால் ஒன்று மற்றொன்றின் நிழலாகிவிடக் கூடாது. 1725இல் வியன்னாவில் யோஹன் யோசஃப் ஃபுக்ஸ் என்பவர் இதற்கு ஒரு பாடநூல் எழுதினார். குருவும் சீடனும் பேசிக்கொள்வது போன்ற நூல். ஹைடன் அதை வைத்துத் தானே கற்றுக்கொண்டார், பிறகு பீத்தோவனுக்கு அதே பயிற்சிகளைக் கொடுத்தார். ஐந்து படிகள் அதில். முதல் படியில் ஒரு ஸ்வரத்துக்கு எதிரே ஒரே ஸ்வரம். இரண்டாவதில் ஒன்றுக்கு இரண்டு. மூன்றாவதில் ஒன்றுக்கு நான்கு. அப்புறம் தள்ளி விழுகிற ஸ்வரங்கள், கடைசியில் எல்லாம் கலந்து. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று நாம் ஏறுகிற அதே பொறுமைதான்.

இதில் ஒரு விதியை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். இரண்டு குரல்கள் ஸவும் பவும் போல ஐந்தாம் இடைவெளியில் நிற்கின்றன என்று வையுங்கள். அடுத்த ஸ்வரத்துக்கும் அதே இடைவெளியோடு சேர்ந்து நகரக் கூடாது. ஸ–ப அவ்வளவு இணக்கமான ஜோடி. இரண்டு குரலும் ஒட்டியபடி நகர்ந்தால் காதுக்கு ஒரே குரல் தடித்ததுபோலத்தான் கேட்கும், இரண்டாவது ஆள் காணாமல் போய்விடுவார். நான்கு பேரைப் பாட வைத்துவிட்டு மூன்று பேர் குரல்தான் கேட்கிறது என்றால் ஒருவர் மூச்சு வீண். இந்த விதியை வெறும் தடையாகச் சொல்லித் தருவதால்தான் பிள்ளைகளுக்கு வெறுக்கிறது. காரணத்தைச் சொன்னால் பிடித்துவிடுகிறது.

பாரிஸில் நாடியா பூலான்ஷே (1887–1979) என்ற ஆசிரியை இந்தப் பயிற்சியையே வாழ்க்கை முழுக்கக் கொடுத்தார். அமெரிக்காவின் ஏரன் கோப்லாண்ட், அர்ஜென்டினாவின் பியாசோல்லா, நம் மும்பையின் வன்ராஜ் பாட்டியா என்ற கம்போசர்கள் எல்லோரும் அவரிடம் உட்கார்ந்தவர்கள். ஃபிலிப் கிளாஸ் நியூயார்க் ஜுலியார்ட் இசைப் பள்ளியில் மேல்படிப்பு முடித்து, 27 வயதில் 1964இல் அவரிடம் போனார். பட்டம் வாங்கிய ஆளை அவர் ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க விடும் அடிப்படை ஹார்மனியிலிருந்தும் கவுன்டர்பாயின்டிலிருந்தும் மறுபடி தொடங்க வைத்தார். கையோடு அதே பாரிஸில் பண்டிட் ரவிசங்கரின் இசையை நொட்டேஷனாக எழுதும் வேலையும் கிளாஸுக்குக் கிடைத்தது. தாளத்தை அடுக்கிக்கொண்டே போகும் நம் முறை அவர் இசைக்குள் புகுந்தது அப்படித்தான். 1980இல் மேடையேறிய, காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பற்றிய அவருடைய ஓபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) முழுவதும் கீதையின் சமஸ்கிருத வரிகளில் இருக்கிறது.

பிறகு ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது எந்த வாத்தியத்துக்கு எதை எழுதுவது. வயலினில் கீழ்த் தந்திக்குக் கீழே ஸ்வரம் இல்லை. புல்லாங்குழலின் கீழ்ப்பகுதி அழகானது, ஆனால் பித்தளை வாத்தியங்கள் கூட ஒலித்தால் காணாமல் போகும். வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட்டில் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே கேட்கும், எஃப் ஹார்னில் ஐந்தாம் இடைவெளி கீழே. திமிரி நாதஸ்வரத்துக்கும் பாரி நாதஸ்வரத்துக்கும் சுருதி வேறு என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் நல்ல ஆசிரியர்கள் மாணவனை வாத்தியக்காரரிடம் அனுப்பி, "பக்கத்தில் உட்கார்ந்து பார்" என்பார்கள்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது, செய்யாறு பக்கம் புரிசையில் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்து முகவீணையைக் கேட்டுவிட்டு வா என்பதுதான். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி சின்னக் குழல். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் நடிகரின் உச்சக் குரலையும் தாண்டி மைதானத்தின் கடைசி வரிசை வரை போகும். ஆர்கெஸ்ட்ராவின் ஓபோ என்ற குழலும் அதே இரட்டை நாக்கு (சீவாளி) ஜாதிதான். வட ஆற்காட்டிலிருந்து ஒருவன் ஓபோவுக்கு எழுதினால், அவன் காதில் முகவீணை இருப்பது அவனுக்கு மட்டும் வாய்க்கிற சொத்து.

இவ்வளவும் இருந்தும் ஒன்று குறைந்தால் கம்போசர் உருவாவதில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எழுதியதை மனிதர்கள் வாசித்துக் கேட்பதுதான் அது.

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் கொயர்தான். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் பையன் தானே சில வரி எழுதி நான்கு குரலுக்கு இசையமைத்தான். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் எழுதி, அதிலேயே ஓட விட்டுக் காட்டினான். அருமையாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் எல்லோருக்கும் தாளைக் கொடுத்தோம். ஐந்தாவது பாரில் (தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பார் என்று பெயர்) ஆல்ட்டோ அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். "தம்பி, இதுல மூச்சு எங்க விடறது?" பார்த்தால் மெதுவான தாளத்தில் பதினோரு பாருக்கு ஓர் இடைவெளிகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டாது, அதனால் அவனுக்குத் தெரியவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பேஸ் பாடுகிற பெரியவர் கேட்டார்: "இது மலையா, மாலையா தம்பி?" 'மலை' என்ற சொல்லின் முதல் எழுத்தில் நாலு எண்ணிக்கைக்கு நீளமான ஸ்வரத்தை வைத்திருந்தான். பாடும்போது குறில் நெடிலாகி, மலை மேல் தோன்றிய வெளிச்சம் மாலை மேல் தோன்றிவிட்டது. தமிழுக்கு இசை எழுதுகிறவன் எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் படிக்க முடியாத பாடம் இது. பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் சொல்லித் தந்துவிட்டார்கள்.

கன்சர்வேட்டரி எனப்படும் வெளிநாட்டு இசைக் கல்லூரிகள் எவ்வளவு பணம் வாங்கினாலும் அங்கே போகிறார்கள் என்றால் காரணம் இதுதான். கம்போசிஷன் ஆசிரியரோடு தனியாக ஒரு மணி நேரம் கிடைக்கும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்து அறையில் வயலின் மாணவரும் செல்லோ மாணவரும் இருக்கிறார்கள். எழுதிய மை காய்வதற்குள் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். மாணவர் ஆர்கெஸ்ட்ரா புதுப் படைப்புகளை வாசித்துப் பார்க்கத் தனி நாள் ஒதுக்கும். கிடைக்கிற சில நிமிஷத்தில் பிழையான பார்ட் ஒன்றைக் கொடுத்தால் அறுபது பேர் நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை மறக்காது.

இளையராஜாவின் வாழ்க்கையையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரி வாசித்தது, சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றது, டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை கற்றது, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை எல்லாம் தெரிந்த கதை. ஆனால் 1976க்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பயிற்சி என்பேன். காலையில் ஸ்கோர் எழுதுகிறார், சில மணி நேரத்தில் ஸ்டுடியோவில் வயலின் வரிசை அதை வாசிக்கிறது. சரியில்லையென்றால் அங்கேயே திருத்தம். ஆயிரத்துக்கு மேல் படங்கள். எழுதியதை உடனே கேட்கும் வாய்ப்பு இத்தனை தடவை உலகத்தில் எந்தக் கன்சர்வேட்டரி மாணவருக்குக் கிடைக்கும்? 81 வயதில் சிம்பொனி எழுதியவரின் கைக்குப் பின்னால் அந்த ஸ்டுடியோக் காலம் முழுவதும் இருக்கிறது.

ஸ்டுடியோ இல்லாதவர்களுக்குக் கொயர் இருக்கிறது. அமெரிக்காவின் கேரலைன் ஷா இதற்கு நல்ல உதாரணம். அம்மாவிடம் வயலின் கற்றவர், கொயர்களில் பாடியவர். தான் பாடிய எட்டுப் பேர் குழுவுக்காகவே, அவர்கள் கோடையில் கூடும்போதெல்லாம் ஒவ்வொரு பகுதியாக ஒரு படைப்பை எழுதினார். அதற்கு 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 30. இசைப் பிரிவில் அதுவரை அவ்வளவு இளையவர் யாரும் வாங்கியதில்லை. இந்திய வம்சாவளியில் பிறந்த ரீனா இஸ்மாயில் ஜுலியார்டிலும் யேலிலும் படித்தவர். பிறகு இந்தியாவுக்கு வந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டு, இரண்டு மரபும் அடுத்தடுத்து நிற்கும் இசையை எழுதுகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொரேல் என்ற பாடகர் குழு அவரைத் தன் கம்போசராக வைத்துக்கொண்டது. பாரிஸில் ஒலிவியே மெஸ்ஸியான் என்ற கம்போசர் 1931 முதல் 1992இல் இறக்கும்வரை ஒரே சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். வாரா வாரம் ஆராதனை, வாரா வாரம் புதிதாக வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு.

மெஸ்ஸியானைச் சொன்னதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. சங்கீத ரத்னாகரம் பட்டியலிடும் 120 தேசி தாளங்களை அவர் ஒரு பிரெஞ்சு இசைக் களஞ்சியத்தில் கண்டெடுத்தார். அவற்றை வைத்துத் தன் தாள மொழியையே உருவாக்கிக்கொண்டார். 1940களில் எழுதிய பெரிய சிம்பொனிக்கு துரங்கம், லீலை என்ற சமஸ்கிருதச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். பாரிஸ்காரர் அச்சுப் பட்டியலில் தேடிய புதையலுக்கு நிகரானது நமக்கு வீட்டு வாசலில் கிடக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழின் சந்தங்கள் வழக்கமான தாளங்களுக்குள் அடங்காதவை. இங்கே வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் அவற்றை ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்கள் பாடிக்கொண்டே போவதை ஒரு பையன் பென்சிலோடு கேட்டால் வருஷக்கணக்கில் எழுதலாம்.

இனி, அக்கா கேட்கிற கேள்வி. "சோறு போடுமாடா?"

நேராகச் சொன்னால், எழுதுவது மட்டுமே சோறு போடுவது உலகத்தில் மிகச் சிலருக்குத்தான். ஆர்கெஸ்ட்ராவோ குழுவோ திருவிழாவோ ஒரு படைப்பை எழுதித் தரச் சொல்லிப் பணம் தருவதைக் கமிஷன் என்கிறார்கள். வாசிக்கப்படும்போது ராயல்டி உண்டு; இந்தியாவில் அதை வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிறார்கள், அல்லது சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வேலை செய்கிறார்கள். எஸ்தோனியாவின் ஆர்வோ பெர்ட் வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தார். கிளாஸ் 1976இல் தன் ஓபராவுக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம் நிரம்பி வழிந்த பிறகும் டாக்சி ஓட்டினார். பிளம்பர் வேலையும் செய்தவர். வன்ராஜ் பாட்டியா லண்டன், பாரிஸ் படிப்போடு 1959இல் ஊர் திரும்பினார். அவர் எழுதியதை வாசிக்க இங்கே ஆளில்லை, அதனால் ஆயிரக்கணக்கில் விளம்பர இசை போட்டார். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், ஷ்யாம் பெனகலின் படங்களுக்கு இசையமைத்தார். பத்மஸ்ரீ வாங்கினார். 2021இல் மறைந்தார், கடைசி வருஷங்கள் பணக் கஷ்டத்தில் போயின. இதை மறைத்து அக்காவைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை, முழுவதையும் சொல்லிவிட்டேன்.

பாட்டியா திரும்பிவந்த காலத்துக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது. டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் கிரேடு தேர்வுகளை இங்கிருந்தே எழுதலாம், மொத்தம் எட்டு கிரேடு. ஆனால் கிரேடு சான்றிதழ் கம்போசருக்கான தகுதி இல்லை, நொட்டேஷன் சரளமாக வரும் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. வெளிநாட்டில் சேர விண்ணப்பிக்கும்போது அவர்கள் கேட்பது சொந்தமாக எழுதிய சில ஸ்கோர்கள், முடிந்தால் மனிதர்கள் வாசித்த ஒலிப்பதிவு. மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

அக்கா மகன் இப்போது உள்ளூரில் பி.காம். படிக்கிறான், அது அக்காவுக்காக. சனிக்கிழமை காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னையில் ஓர் ஆசிரியரிடம் போய் வருகிறான், இது அவனுக்காக. ஃபுக்ஸின் இரண்டாவது படியில் இருக்கிறான். ஆல்ட்டோ அக்காவின் மூச்சு எத்தனை பார் தாங்கும் என்று போன வாரம் பிராக்டிஸில் எண்ணிப் பார்த்துத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.